பம்ப் மாற்றிய மழைக்காலம்

போன மாதம் வாஷி பாலத்துக்கு இந்தப் பக்கம் என் மகனுடைய கார் நின்றுவிட்டது. கராஜில் பார்த்துவிட்டு, இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் போய்விட்டது என்றார்கள். "பம்ப் எங்கே இருக்கு, காட்டு" என்று கேட்டேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்போதெல்லாம் அது டேங்குக்குள்ளேயே இருக்குமாம். வெளியிலிருந்து பார்க்கவும் முடியாதாம், தொடவும் முடியாதாம். "அம்மாவுக்கு என்ன திடீர்னு இன்ஜின் மேல ஆசை?" என்று மகன் சிரித்தான்.

அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம். உங்களில் பாதிப் பேர் தாராவி லேபர் கேம்பில் என்னோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். எங்கள் கல்லி முனையில், சந்து ரோட்டில் சேரும் இடத்தில், மாவு மில்லை ஒட்டி, எப்போதும் ஒரு பச்சை வண்டி நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஏறி விளையாடி என் அப்பாவிடம் முதுகில் வாங்கியவர்களும் உங்களில் உண்டு.

டெம்போ என்றுதான் எல்லோரும் சொன்னோம். உண்மையில் அது மூக்கு நீண்ட ஒரு பழைய பிக்கப். பின்பக்கம் மரப்பலகை அடித்திருக்கும். பச்சை பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய முதலாளியின் மஞ்சள் தெரியும். அப்பா அதில் வாஷி மார்க்கெட்டிலிருந்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி வந்து, மாட்டுங்கா மெஸ்களுக்கும் தாராவிக் கடைகளுக்கும் போடுவார். எங்கள் வீட்டில் தலையணை, துண்டு, என் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் வெங்காயமும் பெட்ரோலும் கலந்த ஒரு நெடி இருக்கும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். எனக்கு அது நெடியாகவே தெரிந்ததில்லை. அப்பா என்றால் அதுதான்.

அம்மாவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வடாலா உப்பளத்துப் பக்கம் ஆளில்லாத ரோட்டுக்குக் கூட்டிப்போவார். நான் பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வண்டி குலுங்கிக் குலுங்கி நிற்கும். "கிளச்ச மெதுவா விடுட்டி, வெரட்டுதியே அத!" என்று அப்பா கத்துவார், அம்மா சிரிப்பாள். அப்பாவே அலைந்து லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தார். ஊரிலிருந்து யார் வந்தாலும், "ஏட்டி, அத எடுத்துட்டு வா" என்பார். அம்மா ட்ரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்து கொடுப்பாள். கைமாறிக் கைமாறி எல்லோரும் பார்ப்பார்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருக்கும். பெண்டாட்டி வண்டி ஓட்டுவதில் அவருக்குப் பெருமை என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

நான் சொல்ல வந்த அந்த வருஷம், மழை ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மார்க்கெட்டில் மூட்டை அடுக்கு சரிந்து அப்பா மேல் விழுந்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஒற்றை அறையில் பாதியை அப்பாவின் கட்டில் எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டின் மேல் நான் பேனாவால் ஒரு ரயில் வரைந்தேன். அப்பா திட்டவில்லை. "பெட்டி பத்தாது, இன்னும் போடு" என்றார். உலகத்தில் அவரைப் போல ஒருவர் கிடையாது என்று நான் நினைத்திருந்த காலம் அது.

வண்டி மழையில் நனைந்துகொண்டே நின்றது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கினார்கள். மிச்சம் இருந்தது மாட்டுங்காவில் மெஸ் நடத்திய மாமி ஒருத்திதான். ஒருநாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுப் படியேறினாள்.

"எத்தனை நாள்னு நான் காத்துண்டிருக்க முடியும் சொல்லுங்கோ? நாப்பது பேர் சாப்பிடற எடம். அடுத்த புதன்கிழமைக்குள்ள வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றாள் மாமி.

"புதன்கிழமை வந்துரும் மாமி. நானே ஓட்டிட்டு வாரேன்."

"நீங்களா?" என்று மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"லைசென்ஸ் இருக்கு மாமி."

வீட்டுக்கு வந்து வண்டியை எடுக்கப் பார்த்தால் அது எழும்பவில்லை. சுற்றுகிறது, இருமுகிறது, படுத்துவிடுகிறது. வண்டி கல்லி முனையில். அப்பா உள்ளே, எழுந்து உட்காரக்கூட முடியாமல். ஆகவே நடுவில் ஓடியது நான்தான். அப்பா சொல்வதை அம்மாவிடமும், அம்மா பார்த்ததை அப்பாவிடமும் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை.

"கார்புரேட்டருக்குப் போற குழாயக் கழத்தச் சொல்லு. கழத்திட்டு இன்ஜினச் சுத்தட்டும். பெட்ரோல் வருதான்னு பாக்கச் சொல்லு."

ஓடினேன். அம்மா கழற்றினாள், சுற்றினாள். ஒரு சொட்டுகூட வரவில்லை. திரும்பி ஓடினேன்.

"அப்ப பம்ப்தான். அது உள்ள ரப்பர் தோல் ஒண்ணு இருக்கும். கிழிஞ்சிருக்கும்" என்றார் அப்பா, கண்ணை மூடிக்கொண்டு, நாடி பிடித்த வைத்தியர் மாதிரி. வண்டியைக் கராஜுக்கு இழுத்துப்போகும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. "நாமளே மாத்திரலாம். ரெண்டே போல்ட்டு. நான் இங்கன கெடந்தே சொல்லுதேன்."

மழை விட்டுத்தொலைக்காததால் அந்த வாரம் அப்படியே போனது. அடுத்த திங்கட்கிழமை காலையில்தான் அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, அப்பாவின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு இறங்கினாள். மாவு மில் ஜன்னல் கம்பியிலிருந்து வண்டியின் மூக்கு வரை நீலப் பிளாஸ்டிக் தாள் கட்டினோம். அதற்குக் கீழே நின்றால் எல்லாமே நீலமாகத் தெரியும். அம்மாவின் கைகூட.

பம்ப் இன்ஜினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கையில் அடங்கிவிடும், மூடி போட்ட கிண்ணம் மாதிரி. டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை உருவியதும் பெட்ரோல் கொட்டியது. அம்மா என் பென்சிலைப் பிடுங்கி அதன் வாயில் செருகினாள். பானாவை, அதாவது ஸ்பேனரை, போட்டுத் திருகியதும் ஒரு போல்ட் வந்தது. பின்பக்கத்து போல்ட் துருப்பிடித்துப்போய் அசையவில்லை.

நான் ஓடிப்போய்ச் சொன்னதும் அப்பா எரிச்சலானார். "பானாவ நேராப் பிடிக்கத் தெரியுதா அந்த மூதிக்கு? மண்ணெண்ணெயக் கொஞ்சம் ஊத்தி ஊற வைக்கச் சொல்லு."

அம்மாவிடம் வந்து, "மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வைக்கணுமாம்" என்றேன். மூதியை வழியிலேயே விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாளும் அப்படித்தான். அப்பாவின் வசவுகளைச் சலித்துவிட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். அம்மா முணுமுணுத்ததை அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. சில சமயம் நானாக, "அப்பா சபாஷ்னு சொன்னாங்க" என்று ஒன்றைச் சேர்த்தும் விடுவேன். அம்மா நம்பினாளோ இல்லையோ, பானாவை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள்.

போல்ட் ஊறிக்கொண்டிருந்தபோது அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இத மாத்தி, வண்டி கிளம்பிருச்சுன்னா நாந்தான் ஓட்டுவேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு. என்ன சொல்லுதாங்கன்னு கேட்டுட்டு வா." பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நான் திரும்பி வரும்வரை பானாவைக் கையில் எடுக்காமல் நின்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் மேலே தகரக் கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவதான் ஓட்டணும். எனக்கு வேற யாரு இருக்கா? அப்படியே போய்ச் சொல்லு."

அப்படியே போய்ச் சொன்னேன். ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையே இருக்கவில்லை.

அம்மா பானாவைப் பிடித்து முழு உடம்பையும் கொடுத்து இழுத்தாள். போல்ட் கிறீச்சென்று திரும்பியது.

பழைய பம்பைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அன்று மத்தியானமே குர்லாவுக்குப் போனாள். உதிரிபாகக் கடைக்காரர், "மெக்கானிக் கிதர் ஹை?" என்று ஆளைத் தேடி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாராம். "மைச் மெக்கானிக்" என்று சொன்னாளாம், நான்தான் மெக்கானிக் என்று. வீட்டில் அதைச் சொல்லிக் காட்டியபோது அப்பாகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டு வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்றார். அன்று அம்மா அவருக்குக் கருவாடு பொரித்துப் போட்டாள்.

மறுநாள் புதுப் பம்ப் உட்காரமாட்டேன் என்றது. அதன் பின்னால் வாத்து மூக்கு மாதிரி ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அது இன்ஜினுக்குள் போய், மேடும் பள்ளமுமாக உருளும் தண்டின் மேல் உட்கார வேண்டும். இரண்டு விரல் இடைவெளி விட்டுத் துருத்திக்கொண்டே நின்றது.

"போல்ட்டப் போட்டு முறுக்கச் சொல்லு, தானா உள்ள போகும்" என்றார் அப்பா.

அம்மா ஒரு திருகு திருகிப் பார்த்தாள். நிறுத்திவிட்டாள். "இல்ல. இது உள்ள எதையோ முட்டுது. முறுக்கினா ஒடஞ்சிரும்." பம்பை வெளியே எடுத்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் போய் இரும்பு ஹேண்டிலைப் போட்டு இன்ஜினை மெள்ளக் கால்சுற்று சுற்றினாள். மறுபடி விரலை விட்டாள். "ஆங், இப்ப மேடு அந்தப் பக்கம் போயிருச்சு." பம்பை வைத்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டது.

அப்பாவிடம், "உக்காந்துருச்சு" என்று மட்டும் சொன்னேன். "நான் சொல்லல?" என்றார்.

குழாய்களை மாட்டி, பம்பில் இருந்த சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் பலதடவை அமுக்கி பெட்ரோலை மேலே ஏற்றினாள். அப்புறம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒருதடவை இருமியது. இரண்டாம் தடவை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. மாவு மில்லில் நின்றிருந்த பெண்களெல்லாம் தலைகளை வெளியே நீட்டினார்கள். வண்டியின் உறுமல் கல்லிக்குள் போய் எங்கள் வீட்டுத் தகரத்தை அதிர வைத்தது. உள்ளேயிருந்து அப்பா, "ஓஹோய்!" என்று கத்தியது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். முகத்தில் கறுப்பு எண்ணெய் தடம். அவ்வளவு அழகாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

புதன்கிழமை விடியும்போதே அம்மா குளித்துத் தயாராகிவிட்டாள். நானும் கூட வரலாம் என்று சொல்லியிருந்தாள். வாசலில் ஒரு ஆள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தாணேயில் இருந்த சித்தப்பா. அப்பாவின் தம்பி. தோளில் ஒரு துணிப்பை, அதில் மாற்றுத்துணி.

"என்ன தம்பி, இந்நேரத்துக்கு? சொல்லாமக் கொள்ளாம?" என்றாள் அம்மா.

"சொல்லாமலா? அண்ணன்தான் போன வாரமே ஆள் அனுப்பியிருந்தாங்களே மதினி" என்றார் சித்தப்பா. அவர் ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. "பம்ப் போயிருக்கு, மதினி மாத்திருவா, புதன்கிழமை வந்து வண்டிய எடுத்துக்கோன்னு. இனிமே மார்க்கெட்டு நான் பாத்துக்கிடுதேன். நீங்க வீட்டப் பாருங்க."

அம்மா கட்டில் பக்கம் திரும்பினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. தூங்கும்போது அவர் கை நெஞ்சில் இருக்காது.

"போன வாரமா?" என்று அம்மா கேட்டாள்.

கட்டிலுக்கு இன்னும் ஒரு அடி நெருங்கினாள்.

"உங்களத்தான். போன வாரமேவா சொல்லி அனுப்புனீங்க?"

"பொம்பள போற எடமாட்டி அது?" என்று அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மூட்ட தூக்குறவன் நடுவுல நீ போய் நின்னா, அவன் உன்னயா பேசுவான்? என்னயல்லா பேசுவான். பொண்டாட்டி சம்பாத்தியத்துல படுத்துக் கெடக்கான்னுல்லா சொல்லுவான்."

"அத மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீ பம்ப மாத்தியிருப்பியா?"

இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாக்கியத்தை என்னால் அதே குரலில் கேட்க முடிகிறது. கோபமே இல்லாத குரல். கணக்குச் சரியாக வந்துவிட்டது என்று சொல்வது போன்ற குரல்.

சித்தப்பா கையை நீட்டினார். "சாவி மதினி."

அம்மா சாவியை முந்தானையில் முடிந்திருந்தாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. "உக்காரு தம்பி. காப்பி சட்டியில இருக்கு, ஊத்திக் குடி" என்றாள். என் பக்கம் பார்த்தாள். "ஏட்டி, வா."

அப்பா முதல்முறையாகக் கண்ணைத் திறந்தார். "எங்கட்டி போற? ஏட்டி!" அந்தக் குரல் கல்லி பூராவும் எங்கள் பின்னால் வந்தது. எழுந்து வர அவரால் முடியவில்லை. சித்தப்பா வாசல்வரை வந்து நின்றுவிட்டார்.

வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. சயான் தாண்டி, செம்பூர் தாண்டி, மான்குர்ட் வழியாக. ஒற்றை வைப்பர், அதுவும் அம்மா பக்கம் மட்டும்தான் துடைக்கும். என் பக்கத்துக் கண்ணாடியில் உலகம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்த லாரிக்காரர்கள் குனிந்து பார்த்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. நான் எத்தனையோ நாளாகக் கனவு கண்ட பயணம் அது. சந்தோஷப்பட வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாஷி பாலத்தின் மேல் ஏறியதும், இரண்டு பக்கமும் சாம்பல் நிறத் தண்ணீர் விரிந்ததும், அம்மா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "அன்னைக்கு, அவதான் ஓட்டணும்னு வந்து சொன்னியே. அது உங்கப்பா சொன்னதா? இல்ல, நீயாச் சேத்துச் சொன்னியா?"

 நானாகச் சேர்த்த சபாஷையெல்லாம் அவள் தெரிந்துதான் வைத்திருந்தாள்.

"சத்தியமா அப்பாதாம்மா சொன்னாங்க. எனக்கு வேற யாரு இருக்கான்னும் சொன்னாங்க."

அம்மா கியரை மாற்றினாள். "சரி" என்றாள். நம்பினாளா, எனக்காக நம்புகிற மாதிரி சொன்னாளா, தெரியவில்லை. பாலம் முடியும்வரை நான் அழுதேன். அவள் அழவில்லை.

மார்க்கெட்டில் அம்மாவை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள் "பாபி, தோடா பீச்சே லோ" என்று வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள், ஏற்றினார்கள். ஒரு பெரியவர் அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். அவ்வளவுதான். அப்பா பயந்த கூட்டம் அங்கே இல்லை.

மாட்டுங்காவில் மெஸ் மாமி வாசலுக்கே வந்துவிட்டாள். "அடடா, நிஜமாவே நீங்களே ஓட்டிண்டு வந்துட்டேளே! இனிமே நீங்கதானா?"

"இன்னைக்கு மட்டுந்தான் மாமி. வாரேன்னு சொல்லிட்டேம்லா, அதான் வந்தேன். நாளையிலேருந்து என் கொழுந்தன் வருவான்" என்றாள் அம்மா.

வீட்டுக்குத் திரும்பியதும் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். கட்டில் பக்கம் போகாமல் அடுப்படிக்குப் போனாள். நான் அப்பாவிடம் போனேன். மெதுவாக, யாருக்கும் கேட்காமல், "நீங்கதான சொன்னீங்க, அம்மாதான் ஓட்டணும்னு? அம்மா என்னய நம்ப மாட்டேங்கா. நீங்க சொல்லுங்கப்பா" என்று கெஞ்சினேன்.

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் சும்மா சொன்னத நீ போய் அப்படியே சொல்லுவியா?" என்றார்.

அந்தக் கட்டின் மேல் அதற்குப் பிறகு நான் ஒரு பெட்டிகூட வரையவில்லை.

சித்தப்பா கொஞ்ச காலம் மாட்டுங்காவுக்குச் சரக்குப் போட்டார். பிறகு தாணேயிலேயே கடைகள் பிடித்துவிட்டதாகச் சொன்னார். வண்டி ராத்திரி அங்கேயே நிற்க ஆரம்பித்தது. அப்பா கட்டவிழ்த்து, தடி ஊன்றி நடந்து, தாணேக்குப் போய்க் கேட்டபோது வண்டி அங்கே இல்லை. விற்றாகிவிட்டது. "எந்தம்பிதான, என்னத்தப் பேச" என்று திரும்பி வந்தார்.  அம்மா அப்போது மாமியின் மெஸ்ஸில் சமையலுக்குச் சேர்ந்திருந்தாள். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். லைசென்ஸை அவள் புதுப்பிக்கவில்லை. கேட்டதற்கு, "எதுக்கு?" என்றாள். அப்பாவோடு நன்றாகத்தான் இருந்தாள். சோறு போட்டாள், மருந்து கொடுத்தாள், ஊர்த் திருவிழாவுக்குச் சேர்ந்து போனாள். ஆனால் அவரிடம் எதையும் கேட்டு அனுப்புவதை விட்டுவிட்டாள்.

எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் வீட்டுக்காரரோடு அப்பா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். அப்பா மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழைய கதைகளை எடுத்தார். "கால ஒடச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன் மாப்ள. எந்திரிக்க முடியாது. கட்டில்ல கெடந்துகிட்டே வண்டிக்குப் பம்ப மாத்தினேன், பாத்துக்கிடுங்க. கண்ணால பாக்கல, கையால தொடல. மாத்தி, வண்டியும் ஸ்டார்ட் ஆயிருச்சு!"

டீ கொண்டுவந்த அம்மா தட்டோடு நின்றாள். அந்த விஷயத்தில் அவள் வாயைத் திறந்து நான் கேட்டது அதற்குப் பிறகு அந்த ஒரு தடவைதான்.

"ஸ்டார்ட் பண்ணது யாரு?" என்றாள்.

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மழுப்பவில்லை, நடிக்கவில்லை. உண்மையாகவே தேடினார்.

"தம்பிதான்" என்றார். "வேற யாரு?"

அம்மா குனிந்து டம்ளரை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

"சீனி போதுமான்னு பாருங்க தம்பி" என்றாள்.